பார்லரைக் கிண்டலடித்த பேசாப்படம்: வாசகர் கேள்வி, அக்கா பதில்

போன இதழில் முல்தானி மிட்டி பற்றி எழுதிக்கொண்டு வந்தபோது, "அழகு நிலையங்களைக் கிண்டலடித்து அமெரிக்காவில் 1925-லேயே ஒரு பேசாப்படம் எடுத்தார்கள், இன்று அந்தப் படம் இல்லை" என்று பேச்சுவாக்கில் ஒரு வரி போட்டிருந்தேன். முகப்பருவை விட்டுவிட்டு எல்லாரும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டீர்கள். சரி, இந்தத் தடவை சினிமாவே பேசுவோம். பரு, கரும்புள்ளிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நடுவில் ஒரு கேள்விக்கு இடம் வைத்திருக்கிறேன்.

அக்கா, அது என்ன படம்? யார் எடுத்தது? ஒரே வரியில் தப்பித்துவிட்டீர்களே!
- பி.வி., ஸ்ரீரங்கம்

படத்தின் பெயர் 'வாட் பிரைஸ் பியூட்டி?'. இயக்கியவர் டாம் பக்கிங்ஹாம். ஆனால் அது அவருடைய படம் என்று யாரும் சொல்வதில்லை. கதையும் தயாரிப்பும் நட்டாஷா ரம்போவா. பெண்களெல்லாம் பார்த்து உருகிய ஹாலிவுட் பேசாப்பட நாயகன் ரூடால்ஃப் வாலண்டினோவின் மனைவி.

பெயரைப் பார்த்து ரஷ்யாக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். 1897-ல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் பிறந்தவர், அசல் பெயர் வினிஃப்ரெட் ஷாகனெஸி. தியோடர் காஸ்லாஃப் என்ற ரஷ்ய நடனக்காரரின் குழுவில் சேர்ந்தபோது பெயரும் ரஷ்யப் பெயராகிவிட்டது. ஆடினார், அப்புறம் படங்களுக்கு உடையும் அரங்கமும் வரைந்தார். நாசிமோவா நடித்த 'சலோமி' (1923) படத்தின் உடைகள் இவர் கைவேலைதான். அந்தப் படம் இருக்கிறது, பாருங்கள். தலை முழுக்க வெள்ளைக் குமிழ்கள் ஆடுகிற அந்த விக்கை ஒரு தரம் பார்த்தால் மறக்காது.

இனிமேல்தான் விஷயம். நட்டாஷாவின் அம்மா பின்னால் கல்யாணம் செய்துகொண்டவர் ரிச்சர்ட் ஹட்நட். ஹட்நட்டின் அப்பா நியூயார்க் பிராட்வேயில் மருந்துக்கடை வைத்திருந்தார். மகன் அங்கிருந்து கிளம்பி சென்ட், பவுடர், சோப்பு என்று விற்று, அமெரிக்க அழகுச் சாமான் வியாபாரத்தின் முதல் பெரிய புள்ளிகளில் ஒருவரானார். 1916-ல் கம்பெனியை விற்றுவிட்டு பிரான்ஸின் தென்கடற்கரையில் மாளிகையில் உட்கார்ந்துவிட்டார். ஆக, பவுடர் டப்பாவில் வந்த பணம் புழங்கிய வீட்டுப் பெண் எடுத்த படம் இது.

நான் தில்லைநகரில் பார்லர் நடத்திப் பிழைத்தவள். எங்களை வெளியாள் கிண்டல் செய்தால் எப்போதும் ஒரே காட்சிதான்: முகத்தில் பச்சையாக எதையோ அப்பி, கண்ணில் ரெண்டு வெள்ளரித் துண்டு வைத்து, யாரோ அலறி ஓடுவார்கள். உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரிந்த வேடிக்கையே வேறு. நட்டாஷா உள் ஆள். அதனால்தான் இந்தப் படம் இல்லாமல் போனதில் எனக்கு இவ்வளவு ஆற்றாமை.

கதை என்னவென்றாவது தெரியுமா? சிரிப்புப் படம் என்கிறீர்கள், சிரிக்க என்ன இருந்தது?
- எம்.கே., திண்டுக்கல்

கதை நூல் மாதிரி மெல்லியது. மேரி என்ற கிராமத்துப் பெண் பட்டணத்துக்கு வந்து ஒரு பெரிய அழகு நிலையத்தில் வேலைக்குச் சேருகிறாள். மேனேஜர் மேல் ஆசை. அதே மேனேஜர் மேல் கண் வைத்திருக்கிற பணக்கார மோகினி ஒருத்தி, பெயர் ரீட்டா ரினால்டி. நடித்தவர் பெயர் நீட்டா நால்டி! நடிகை தன்னையே கிண்டல் செய்துகொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பது இதிலேயே தெரிகிறதல்லவா? 'பிளட் அண்ட் சாண்ட்' (1922) படத்தில் வாலண்டினோவையே கவிழ்த்த மோகினி அவர்.

எனக்குப் பிடித்த பகுதி நடுவில் வரும் கனவு. விதவிதமான பெண் ரகங்கள், கண்காட்சி மாதிரி வரிசையாக வந்து போகின்றன. அதில் ஒரு ரகமாக வந்த பெண்ணுக்கு அப்போது இருபது வயது. மோன்டானாவிலிருந்து வந்தவர், தியேட்டரில் படம் ஓடுவதற்கு முன்னால் மேடையில் ஆடிக்கொண்டிருந்தவர், மிர்னா லாய். இவருடைய போட்டோக்களைப் பார்த்து வாலண்டினோ தன் படத்துக்கு டெஸ்ட் எடுக்க வைத்தார், அது சரிவரவில்லை. நட்டாஷா விடாமல் தன் படத்தில் போட்டுக்கொண்டார். பத்து வருஷம் கழித்து அமெரிக்காவின் முன்னணிக் கதாநாயகி இவர்.

இவருக்குக் கொடுத்த வேஷத்தைக் கேளுங்கள்: சிவப்பு வெல்வெட் பைஜாமா, தலையில் குட்டையான பொன்னிற விக், அதன் முனைகள் நெற்றியில் கூர்கூராக இறங்கும். தைத்துக் கொடுத்தவர் அட்ரியன். பின்னாளில் எம்ஜிஎம் ஸ்டூடியோவின் தலைமை உடை வடிவமைப்பாளராகி, 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தின் சிவப்புச் செருப்பை வடிவமைத்தவர். நியூயார்க்கிலிருந்து அவரை ஹாலிவுட்டுக்குக் கூட்டிவந்ததே வாலண்டினோ தம்பதிதான்.

இதில் ஒரு தொழில் ரகசியம் உண்டு. அந்தக் காலத்தில் பெரும்பாலும் புழங்கிய ஃபிலிமுக்கு சிவப்பு தெரியாது, கருப்பாகத்தான் விழும். உதட்டில் சிவப்புப் பூசினால் திரையில் தார் பூசின மாதிரி இருக்கும். கன்னம் சிவந்த பெண் அழுக்குக் கன்னத்தோடு நிற்பாள். மூஞ்சியில் மாவு அப்பினாற்போல் அத்தனை மேக்கப் போட்டது இதற்காகத்தான். போலந்திலிருந்து வந்த விக் வியாபாரி மேக்ஸ் ஃபேக்டர் பணக்காரரானதும் இந்தக் கோளாறைச் சமாளித்துத்தான். 1920-களின் கடைசியில் எல்லா நிறத்தையும் வாங்கிக்கொள்கிற ஃபிலிம் வந்ததும், அதற்கும் ஒரு புது மேக்கப் செய்து விற்றார். அந்த மனுஷனைப் பற்றித் தனியாக ஒரு தடவை எழுதுகிறேன். இங்கே கேள்வி அதுவல்ல. கருப்பாகத்தான் விழும் என்று தெரிந்தும் சிவப்பு வெல்வெட் தைத்திருக்கிறார்கள் பாருங்கள், செட்டில் நிற்கிறவர்களுக்காவது மயக்கம் வரட்டும் என்றா?

நடிகர் வாலண்டினோவே முகத்தில் பூசும் களிமண்ணுக்கு விளம்பரம் செய்தாராமே? நிஜமா, கதையா?
- ஆர்.எஸ்., நாகர்கோவில்

நிஜம். அதுவும் சாதாரண விளம்பரமா? புருஷனும் பெண்டாட்டியுமாக ஊர் ஊராகப் போய் ஆடினார்கள்.

1922-ல் வாலண்டினோவுக்கும் அவருடைய ஸ்டூடியோவான ஃபேமஸ் பிளேயர்ஸ்-லாஸ்கிக்கும் முட்டிக்கொண்டது. சம்பளம் போதாது, படங்களில் தன் பேச்சு எடுபடவில்லை என்று வேலைக்கு வர மறுத்தார். அவர்கள் கோர்ட்டுக்குப் போய், வேறு யார் படத்திலும் நடிக்கக்கூடாது என்று தடை வாங்கிவிட்டார்கள். கையில் காசு இல்லை, கடன் வேறு. அந்த வருஷம் மே மாதம் நட்டாஷாவை மெக்ஸிகோவில் கட்டிக்கொண்டதும் வில்லங்கமாகியிருந்தது. முதல் மனைவியோடு விவாகரத்து முழுசாக முடிய ஒரு வருஷம் ஆக வேண்டும், அதற்குள் தாலி கட்டிவிட்டார் என்று பிடித்து உள்ளே போட்டார்கள்.

இந்த நேரத்தில் வந்த ஆபத்பாந்தவன்தான் மினரலாவா. முகத்தில் பூசுகிற களிமண். அந்தக் கம்பெனியின் ஆள் ஜார்ஜ் உல்மன் ஒரு வழி சொன்னார்: சினிமாவுக்குத்தானே தடை, டான்ஸுக்கு இல்லையே? 1923-ல் ரெண்டு பேரும் ரயிலேறி, அமெரிக்காவிலும் கனடாவிலும் 88 ஊர்களில் டாங்கோ ஆடினார்கள். ஆட்டம் முடிந்ததும் ரெண்டு வார்த்தை, எங்கள் மேனிக்குக் காரணம் இந்தக் களிமண் என்று. அப்புறம் ஊருக்கு ஒரு அழகிப் போட்டி, நடுவர் வாலண்டினோ. போகிற வழியில், மார்ச் மாதம், இண்டியானாவின் கிரவுன் பாயிண்ட்டில் இறங்கி, இந்த முறை சட்டப்படி இன்னொரு தரம் கல்யாணமும் செய்துகொண்டார்கள்.

88 ஊர் அழகிகளையும் நியூயார்க்கின் மாடிசன் ஸ்குவேர் கார்டனில் கூட்டி இறுதிப் போட்டி நடந்தது. ஜெயித்தவர் டொராண்டோவிலிருந்து வந்த நார்மா நிப்லாக். அதைக் குட்டிப்படமாக எடுத்து விற்ற இளைஞன் யார் தெரியுமா? டேவிட் ஓ. செல்ஸ்னிக். பின்னால் 'கான் வித் த விண்ட்' தயாரித்த அதே ஆள். அந்தக் குட்டிப்படம் இன்றும் இருக்கிறது. இதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம். களிமண் விற்க எடுத்த விளம்பரத் துண்டு பத்திரமாக இருக்கிறது. களிமண் வியாபாரத்தைப் பார்த்துச் சிரித்த படம் போய்விட்டது.

உல்மன் அந்தப் பயணத்தோடு வாலண்டினோவின் மேனேஜராகிவிட்டார். 1925-ல் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் படக் கம்பெனியின் ஒப்பந்தம் வந்தபோது ஒரு நிபந்தனையும் கூடவே வந்தது: மனைவி செட்டுப் பக்கம் வரக்கூடாது. நட்டாஷா தலையிட்டுத்தான் அவருடைய படங்கள் கெட்டன என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம். வாலண்டினோ கையெழுத்துப் போட்டார். கோபித்துக்கொண்ட மனைவிக்கு ஆறுதல் பரிசாகக் கிடைத்ததுதான் 'வாட் பிரைஸ் பியூட்டி?'. பணம் போட ஏற்பாடு செய்ததும் உல்மன் வழியாகத்தான். களிமண் கம்பெனியிலிருந்து வந்த மனுஷன், அழகு வியாபாரத்தைக் கேலி செய்யும் படத்துக்குப் பணம் ஏற்பாடு செய்கிறார்!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1926 ஜூலையில் சிகாகோ ட்ரிப்யூன் ஒரு தலையங்கம் போட்டது. ஒரு நடனக்கூடத்தின் ஆண்கள் கழிவறையில் பவுடர் போட்டுக்கொள்ள மெஷின் வைத்திருக்கிறார்களாம், அமெரிக்க ஆண்பிள்ளை இப்படிக் கெட்டதற்கு வாலண்டினோதான் காரணமாம். மனிதர் கொதித்துப்போய், எழுதினவன் குத்துச்சண்டைக்கு வரட்டும் என்று சவால் விட்டார். எழுதினவன் வரவில்லை. அடுத்த மாதம் 23-ம் தேதி, 31 வயதில் இறந்துபோனார்.

முல்தானி மிட்டி போட்டால் முகம் இறுகி, கழுவின பிறகு எரிகிறது. நேரம் கூடப் போய்விட்டதா, எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?
- டி.ஜே., கரூர்

வாக்குக் கொடுத்தபடி உங்களுக்கும் இடம். முழுசாகக் காயவிட்டுவிடுகிறீர்கள். ஓரம் வெளுத்து, நடு இன்னும் ஈரமாக இருக்கும்போதே கழுவ வேண்டும். ஃபேன் காற்றில் பத்து நிமிஷம் போதும், வெடிப்பு விடுகிறவரை உட்காருவது வீண் வேலை. வறண்ட சருமம் என்றால் பன்னீருக்குப் பதில் தயிரில் குழைத்துக்கொள்ளுங்கள். கழுவும்போது தேய்க்காமல், ஈரத்துணியை வைத்து ஊறவிட்டு எடுங்கள். இத்தனைக்கும் அப்புறம் எரிந்தால் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். நிறுத்திவிட்டுத் தோல் டாக்டரிடம் காட்டுங்கள், என்னிடம் இன்னொரு பேக் கேட்காதீர்கள்.

ஒரு படம் எப்படி அக்கா "இல்லாமல்" போகும்? தொலைவதற்கு அது என்ன கால் கொலுசா?
- வி.என்., கும்பகோணம்

கொலுசாவது தேடினால் கிடைக்கும் தம்பி. அந்தக் காலத்து ஃபிலிம் நைட்ரேட். வெடிமருந்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பற்றிக்கொண்டால் தண்ணீருக்கடியிலும் எரியும். எரியாவிட்டால் தானாகவே பிசுபிசுத்து, தேனாக ஒழுகி, கடைசியில் பொடியாகிவிடும். 1937-ல் நியூஜெர்சியில் ஃபாக்ஸ் கம்பெனியின் கிடங்கு ஒன்று பற்றி எரிந்தது, பேசாப்படக் காலத்துப் படங்கள் மொத்தமாகப் போயின. விபத்து ஒரு பக்கம் இருக்கட்டும், வேண்டுமென்றே உருக்கியவர்களும் உண்டு. ஃபிலிமில் வெள்ளி இருக்கிறது, உருக்கினால் காசு. பேசும் படம் வந்த பிறகு பேசாத படத்தை யார் கேட்கப்போகிறார்கள்?

நம் படத்துக்கு நேரமும் சரியில்லை. 1925-ல் எடுத்தது, வாங்கி வெளியிட ஆள் கிடைக்காமல் கிடந்து, 1928 ஜனவரியில்தான் பாத்தே கம்பெனி வெளியிட்டது. அதற்குள் வாலண்டினோ இல்லை. விவாகரத்து முன்னமே ஆகிவிட்டது. 'தி ஜாஸ் சிங்கர்' என்ற பேசும் படம் வந்து மூன்று மாதம், ஊரெல்லாம் பேசும் படப் பேச்சு. மூன்று வருஷப் பழைய ஃபேஷனைக் கிண்டல் செய்யும் ஊமைப்படத்தை எந்தத் தியேட்டர்க்காரர் காப்பாற்றி வைப்பார்?

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. 1912 முதல் 1929 வரை அங்கே வந்த முழுநீளப் பேசாப்படங்கள் 10,919. முதலில் வெளியான வடிவில் முழுசாக இருப்பது 14 சதவீதம். நம் ஊர்க் கதையும் இதுதான். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்', தென்னிந்தியாவின் முதல் பேசாப்படம், அதுவும் இல்லை.

நீட்டா நால்டிக்கு ராசியே இப்படி. அடுத்து இயக்குநர் ஹிட்ச்காக்கின் இரண்டாவது படமான 'தி மவுண்டன் ஈகிள்'-லில் நடித்தார், அதுவும் தொலைந்த படம்தான். கிராமத்து டீச்சர் வேஷத்துக்கு இவர் நீள நகமும் உயரக் குதிகாலுமாக வந்து இறங்கினாராம். நகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்ட வைத்து, குதிகாலைக் குறைத்து, மேக்கப்பை ஒவ்வொரு படியாக இறக்கியதை ஹிட்ச்காக் பின்னால் எழுதியிருக்கிறார். நகத்தைக் குறைக்கச் சொன்னால் எவ்வளவு பேரம் நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த விஷயத்தில் ஹிட்ச்காக்குக்கு என் முழு அனுதாபம்.

அக்கா, நீங்கள் சொல்வது லூயிஸ் புரூக்ஸ் நடித்த 'தி அமெரிக்கன் வீனஸ்' இல்லையா? அதுவும் அழகுச் சாமான் கம்பெனிக் கதைதானே?
- எஸ்.டி., புதுச்சேரி

நல்ல ஆள் நீங்கள். அது வேறு படம், ஆனால் அதே காலம், அதே கிண்டல், அதே கதி. 1926-ல் பாரமவுண்ட் வெளியிட்டது, இயக்கம் ஃபிராங்க் டட்டில். அழகுச் சாமான் விற்கும் ரெண்டு கம்பெனிகளின் போட்டி, நடுவில் அட்லாண்டிக் சிட்டியின் மிஸ் அமெரிக்கா மேடை. 1925-ன் நிஜ மிஸ் அமெரிக்கா ஃபே லான்ஃபியரையே நடிக்க வைத்தார்கள். அதனாலேயே, கிரீடம் யாருக்கு என்று சினிமாக் கம்பெனி முன்னாலேயே முடிவு செய்துவிட்டது என்று அப்போது புகையவும் செய்தது. படம் போய்விட்டது, டிரெய்லர்கள் தங்கின.

2018-ல் ஒரு ஆச்சரியம். பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டின் காப்பகத்தில், 'தி பிளாக் பைரேட்' என்ற வேறு படத்தின் ரீல்களில், தலையிலும் வாலிலும் ஒட்டியிருந்த துண்டுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். அசல் படம் கிழியாமல் இருக்க முன்னும் பின்னும் உபயோகமில்லாத ஃபிலிமை ஒட்டுவது லேப் வழக்கம். அந்த உபயோகமில்லாத ஃபிலிமில், கலரில், சில நொடிகள், லூயிஸ் புரூக்ஸ்! 'அமெரிக்கன் வீனஸ்' உடை டெஸ்ட். அதனால் எந்தக் காப்பகத்தில் யார் ரீலைப் பிரித்தாலும் எனக்கு ஒரு நப்பாசை, சிவப்பு வெல்வெட் பைஜாமா ஏதாவது வாலில் ஒட்டியிருக்காதா என்று.

இப்போதைக்கு நம் படத்தில் மிஞ்சியது ஸ்டில் போட்டோக்கள். எல்லாம் அழகழகாக, போஸ் கொடுத்து, லைட் போட்டு எடுத்தவை. பத்திரிகைகளுக்கு அனுப்ப எடுத்தது அல்லவா? பார்த்தால் அழகுச் சாமான் விளம்பரம் என்றே தோன்றும். எதைக் கிண்டல் செய்தார்களோ அது மட்டும் தங்கிவிட்டது, கிண்டல் போய்விட்டது.

நட்டாஷா அப்புறம் படம் எடுத்தாரா?
- பி.வி., ஸ்ரீரங்கம் (உங்கள் இரண்டாவது கேள்வி, பரவாயில்லை)

தயாரிப்பாளராக இதோடு சரி. 'வென் லவ் க்ரோஸ் கோல்ட்' (1926) என்ற படத்தில் நடித்தார். விளம்பரத்தில் அவர் பெயரை விட 'மிஸஸ் வாலண்டினோ'வைப் பெரிதாகப் போட்டார்கள், வெறுத்துவிட்டார். நியூயார்க்கில் துணிக்கடை வைத்தார், ஐரோப்பா போனார், ஸ்பெயின்காரர் ஒருவரைக் கட்டினார். கடைசியில் எகிப்தில் போய் நின்றார். பொழுதுபோக்குக்காக அல்ல. அலெக்ஸாண்டர் பியான்காஃப் என்ற அறிஞர் கல்லறை எழுத்துகளை மொழிபெயர்க்க, இவர் பதிப்பாசிரியராக இருந்து, ஆறாம் ராம்சேஸின் கல்லறை பற்றிய பெரிய நூலை 1954-ல் கொண்டுவந்தார்கள். எகிப்து ஆய்வாளர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கிற நூல். 1966-ல் கலிபோர்னியாவின் பாசடினாவில் காலமானார்.

உங்கள் பார்லரை யாராவது கிண்டல் செய்து படம் எடுத்தால் விடுவீர்களா?
- கே.எல்., தஞ்சாவூர்

தாராளமாக எடுக்கட்டும். ஒரே நிபந்தனை, வெள்ளரிக்காய் வரக்கூடாது. அதற்குப் பதில் விடிகாலை மூன்றரை மணி காட்சி ஒன்று வையுங்கள். ஆறு மணி முகூர்த்தம், பெண் தூங்கி விழுகிறாள், நான் புருவத்துக்கு நூல் பிடித்திருக்கிறேன், வாயில் நூல் இருப்பதால் பதில் பேச முடியாது. சுற்றி நிற்கிற ஏழு பெண்களில் பையனின் அத்தை மட்டும் குனிந்து பார்த்து, "இன்னும் ஒரு ஷேட் வெள்ளையா போடும்மா, போட்டோவுல எங்க பக்கத்து ஆளுங்க பளிச்சுனு இருப்பாங்க" என்பார். அதை அப்படியே எடுங்கள், வசனம் எழுதவே வேண்டாம். அத்தை வேஷத்துக்கு ஆள் கிடைக்காவிட்டால் எனக்குப் போன் போடுங்கள், நம்பர்கள் வைத்திருக்கிறேன்.